எனக்காகவா, சால்னாவுக்காகவா?

“சுகர் பாக்கச் சொல்லுதியே, அது எனக்காகவா, சால்னாவுக்காகவா?”

மாஸ்டர் இப்படிக் கேட்டபோது நான் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். “ரெண்டுக்கும்தாண்ணே” என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. அவர் மேற்கொண்டு ஒன்றும் பேசாமல் கரண்டியைக் கழுவப் போய்விட்டார்.

பிரானூர் பார்டரில் புரோட்டாக் கடை எப்படி ஓடும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாரல் மாதத்தில் குற்றாலக் கூட்டம், வருஷம் முழுக்க புளியரை இறங்கி வரும் கேரளா வண்டிகள். கோழி சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம், சால்னா கெட்டால் முடியாது. முதலில் சொன்னது புனலூர்க்காரர் ஒருவர், குடும்பத்தோடு அடிக்கடி வருபவர். “உப்பு இத்திரி கூடிப்போயல்லோ” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர்கள் நாக்கு வேறு, நம் நாக்கு வேறு என்று நான் விட்டுவிட்டேன். அப்புறம் தென்காசி ஆட்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

அடுப்படியில் மாஸ்டரிடம் போய் உப்பு கூடிவிட்டது என்று சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, அவர் தலையை ஆட்டினால்தான் அண்டா இறங்கும். நான் கல்லாவில் உட்காருவதற்கு ரொம்ப முன்பிருந்தே அப்படித்தான். முதலாளிகூட அதில் வாயைக் கொடுக்க மாட்டார்.

கொரோனா சமயத்தில் பலருக்கு வாசமும் ருசியும் போனதே, அதன் மிச்சமோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவருக்கு மூக்கு நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கம் பட்டறையில் நின்றுகொண்டே முன்னால் வெங்காயம் அடிப்பிடிக்கிறது என்று கத்துவார். நாக்குதான் தகராறு. கொஞ்ச நாளாகவே டீ வந்தால் “சீனியே போடலையால?” என்று பையனைத் திட்டிக்கொண்டிருந்தார். அவன் முன்னால் போட்டதைவிட ஒரு கரண்டி கூடப் போட்டுத்தான் கொண்டுவருவான்.

இதில் ஒரு குழப்பமும் இருந்தது. சுகர் லேசாக இருக்கிறது என்று எப்போதோ யாரோ சொல்லி, அவர் குற்றாலத்தில் மூலிகை விற்கிறவரிடம் சிறுகுறிஞ்சான் இலை வாங்கிக் காலையும் மாலையும் மென்றுகொண்டிருந்தார். நானும் ஒரு நாள் ரெண்டு இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டேன். மணலை மெல்லுகிற மாதிரி இருந்தது. அந்த இலையில் உள்ள சத்து, நாக்கில் இனிப்பைப் பிடிக்கிற இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளுமாம், அரை மணி நேரம் முக்கால் மணி நேரம் இனிப்பே தெரியாது. சரி, இலைதான் காரணம் என்று நிம்மதியானேன். ஆனால் இலை இனிப்பைத்தான் மறைக்கும், உப்பை மறைக்காது. உப்பு எனக்கு நன்றாகவே கரித்தது. அப்படியானால் சால்னாவுக்கு இலையைக் காரணம் சொல்ல முடியாது.

அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொன்று நடந்தது. நம் பக்கத்தில் மர மில்லுக்குப் பஞ்சம் இல்லை, அடுப்புக்கு மில்லில் கழிக்கிற துண்டு விறகுதான். அதில் ஒரு கங்கு தெறித்து அவர் செருப்புக்கும் குதிகாலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தோல் கருகிய வாடை பையனுக்கு வந்தது, அவன் சொல்லித்தான் அவர் குனிந்து பார்த்தார். “ஒண்ணும் தெரியலடே” என்றார். நான் பர்னால் வாங்கிக் கொடுத்தேன், ரெண்டு நாள் உட்கார்ந்து வேலை பார்க்கச் சொன்னேன். கால் மரத்துப்போனதையும் நாக்கு மந்தமானதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது விஷயம் தெரியாது. வருஷா வருஷம் கடையில் எல்லோருக்கும் மெடிக்கல் சர்டிபிகேட் எடுத்துச் சுவரில் மாட்டுகிறோம். தொற்று நோய் இல்லை என்றுதான் அதில் எழுதித் தருகிறார்கள். அடுப்படி ஆளுக்குச் சுகர் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேஷியருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஆனால் மாஸ்டர் கணக்கு வேறு. கால் வெந்தபோது பர்னால், உப்பு கூடியபோது டாக்டர். அந்தக் கேள்விக்குள் இது இருந்தது. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானாகத்தான் இப்படி விரித்துக்கொள்கிறேன். ஒருவேளை சும்மா கிண்டலுக்குக் கேட்டிருக்கலாம், அவர் அப்படியும் பேசக்கூடியவர்தான்.

மறுநாள் காலையில் அவரே சட்டை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார். தென்காசியில் ஒரு டாக்டரிடம் போனோம். வெறும் வயிற்றில் 260-க்கு மேல். மூன்று மாதச் சராசரி, HbA1c என்று சதவீதத்தில் சொல்வது, 11-ஐத் தாண்டியிருந்தது, 7-க்குள் இருந்தால் நல்லது என்றார் டாக்டர். நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். காய்ந்து வெடித்து, மேலே வெள்ளையாகப் படிந்திருந்தது. ஈறும் வீங்கியிருந்தது. அவர் விளக்கியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: எச்சில் ஊறினால்தான் உப்பும் இனிப்பும் கரைந்து நாக்கில் ஏறும், சுகர் கூடினால் தண்ணீர் முழுக்க மூத்திரமாகப் போய் வாய் காய்ந்துவிடும். காய்ந்த வாயில், சர்க்கரை கூடிய எச்சிலில், பூஞ்சை சுலபமாகப் பிடிக்கும். ஈறு கெட்டால் சுகர் ஏறும், சுகர் ஏறினால் ஈறு இன்னும் கெடும். இதெல்லாம் மருந்தில் சரியாகலாம். நரம்பு அடிபட்டிருந்தால்தான் சிக்கல். சுவை பார்க்கிற செல் பத்து நாள், ரெண்டு வாரத்தில் புதிதாக வந்துகொண்டே இருக்குமாம், அதை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பு அப்படி வருவதில்லை. காலில் நடந்ததும் நரம்பு சமாச்சாரம்தான் என்று சொல்லி, ஒரு மெல்லிய இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுக் கேட்டார். மாஸ்டர் பாதி இடத்தில் பேசாமல் இருந்தார்.

மாத்திரை ஆரம்பித்ததும் வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது என்றார். மெட்பார்மின் சிலருக்கு அப்படிச் செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பல வருஷம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையும், அதற்கும் நாக்கு எரியும், கால் மரக்கும், அதனால் நடுவில் டெஸ்ட் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். நோயும் நாக்கில் கை வைக்கிறது, மருந்தும் கை வைக்கிறது, இலையும் கை வைக்கிறது. நாக்கை வைத்துப் பிழைக்கிற மனிதன் என்னதான் செய்வான்?

எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது ரெண்டாவது மாத்திரையில்தான். கிளிமிபிரைடு. அதைப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சுகர் சட்டென்று இறங்கும், வேர்க்கும், கை நடுங்கும், அப்போது உடனே இனிப்பு கொடுங்கள் என்றார்கள். அடுப்படியில் யாருக்குத்தான் வேர்க்காது? நூறு பேருக்கு ஆக்கிப் போடுகிறவன் தன் மதியச் சோற்றைச் சாப்பிட நாலு மணி ஆகும், ராத்திரிச் சாப்பாடு கடை அடைத்த பிறகு, அதுவும் மிஞ்சின புரோட்டாதான். நடுவில் ருசி பார்த்தே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் டீ. இந்த வேலையில் சுகர் வருவது ஆச்சரியமில்லை, வராமல் இருப்பவன்தான் ஆச்சரியம் என்பது என் கட்சி. பையனிடம் ஒரு மணிக்கு மாஸ்டரை உட்காரவைத்துச் சோறு போடச் சொன்னேன். இது மட்டும் நான் அவருக்காகவே செய்தது. இதைச் சால்னா கணக்கில் யாரும் எழுத முடியாது.

தராசு விஷயம்தான் அப்படி இல்லை. முதலாளி ஆளை மாற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், உப்பை நிறுத்துப் போடலாம், ருசியைப் பையன் பார்க்கட்டும் என்று நான்தான் சொன்னேன். வேலை தப்பியது, அதனால் நல்லதுதான் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பையன் உள்ளங்கையில் சால்னாவை விட்டு நக்கும்போது மாஸ்டர் வேறு பக்கம் திரும்பி இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை. ஆளை மாற்றியிருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பார், வேறு கடையில் மாஸ்டராகவே இருந்திருப்பார். அங்கே சோறு நேரத்துக்குக் கிடைத்திருக்குமா, டாக்டரிடம் யாராவது கூட்டிப்போயிருப்பார்களா என்பது வேறு கதை.

இன்னொன்றும் மனதில் ஓடுகிறது. 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில், பெரியவர்களில் கேரளத்தில் 25.5 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கும் சுகர் என்று போட்டிருந்தது. சுகர் வந்த எல்லோருக்கும் நாக்கு போய்விடுவதில்லை. இருந்தாலும் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் நாக்கு மங்கியவர்களும் இருப்பார்கள்தானே. உப்பு கூடிவிட்டது என்று மூன்று மேஜை சொன்ன அதே ராத்திரியில் உப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட மேஜையும் உண்டு. நான் யார் நாக்கை நம்பினேன்? என் நாக்கை நம்பினேன், எனக்கும் கரித்தது. என் ரத்தத்தை நான் பார்த்ததில்லை.

மாஸ்டர் சில மாதம் தராசோடு ஓட்டினார், அப்புறம் கடையநல்லூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். காரணம் கால் என்று சொன்னார். கல்யாண வேலை வந்தால் மட்டும் போகிறார். போன வாரம் போன் பண்ணினார். சராசரி 8-க்கு வந்திருக்கிறதாம், வாய் காய்வது நின்றுவிட்டதாம், டீயில் சீனி போட்டால் திகட்டுகிறதாம். உப்பு தெரிகிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

“அந்தப் பய இன்னும் நிறுத்துதான் போடுதானா?”

“ஆமாண்ணே.”

“வெங்காயம் மழைக்குத் தண்ணி விடும், வெயிலுக்கு விடாது. எலும்பு ஊறுதது ஒரு நாளைக்கு ஒரு மாதிரி. அதெல்லாம் உன் தராசுல எந்தப் பக்கம் வைப்ப?”

சிரித்துச் சமாளித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த வியாழக்கிழமைகூட ஒரு அண்டா சப்பென்று போய்விட்டது, செங்கோட்டைக்காரர் ஒருவர் பாதியில் கையைக் கழுவிவிட்டார். பையன் என் கண் முன்னால்தான் நிறுத்துப் போட்டான், எடையில் ஒரு கிராம் பிசகில்லை. ருசி பார்த்தாயா என்று கேட்டதற்கு, நிறுத்தாச்சே, எதுக்குப் பாக்கணும் என்கிறான்.