பிரேக் பழகாமல் இஞ்சின் கிடையாது

பண்ருட்டிப் பக்கம் மாமனாரின் முந்திரித் தோப்பை ஒட்டிய செம்மண் தரிசில்தான் மகளுக்கு டர்ட் பைக் (மண் தரையில் ஓட்டும் பைக்) பழக்குகிறேன். ஏழு வயசுக்காரி ரோட்டில் ஓட்டச் சட்டம் விடாது. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ எப்போதும் ஆட்கள். கியர் இல்லாத 50 சிசி வண்டி. ஆக்சிலேட்டர் ஓரத்து ஸ்க்ரூவை உள்ளே திருகிவைத்தால் கொஞ்சத்துக்கு மேல் முறுக்க முடியாது.

முதலில் இஞ்சினைத் தொடவே இல்லை. நான் பின்னாலிருந்து தள்ளுவேன். "பிடி பாப்பா" என்றதும் இரண்டு பிரேக்கையும் மெல்ல அழுத்தி நிறுத்தணும். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் புழுதியில் சக்கரம் வழுக்கிவிடும். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்கணும்.

பெரியவர்கள் ஹெல்மெட்டைக் குழந்தைக்கு மாட்டுவதைப் பார்த்தாலே பதறுகிறது. தலையை ஆட்டினால் அது ஆடக் கூடாது. முட்டிக் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ் கட்டாயம். களைத்தால் கைப்பிடி தளரும், அதனால் வெயில் ஏறுமுன்னே நிறுத்திவிடுகிறோம்.