காசில்லாப் பிரசவத்தின் கணக்கு

ஜூன் 8, 2025, காரைக்குடி

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோன் பற்றிய கட்டுரையைத் திருத்த உட்கார்ந்தேன். அங்கே 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எல்லோருக்கும் மருத்துவக் கட்டணத்தை ரத்து செய்தார்கள். கூடவே ஊழியர்களின் சம்பளத்தையும் உயர்த்தினார்கள். ஆஸ்பத்திரிகளில் கூட்டம் உடனே கூடியது. ஆனாலும் மருந்து தீர்ந்துபோன இடங்களில் வெளியே வாங்கச் சொன்னார்கள், கைக்காசு கேட்பதும் முழுதாக நிற்கவில்லை. அழகப்பா கல்லூரியில் பொருளாதாரம் படித்த காலத்தில் நெல் விலையும் வட்டி விகிதமும்தான் பாடம். பிரசவச் செலவு பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. நான் வேலை பார்ப்பதெல்லாம் அதில்தான்.

ஜூன் 11

ஆத்தாவுக்கு ஒத்தாசையாக வருகிறவர், போன மாதம் மகளுக்கு நடந்த பிரசவத்தின் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார். கல்லலுக்குப் பக்கத்துக் கிராமம். நான் கேட்டதற்காகவே மருமகன் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ராத்திரி ஆட்டோ 700. பிள்ளையைத் துடைத்துக் கையில் கொடுத்ததற்கு 500. பிளாஸ்க், பழைய சேலை போதாமல் வாங்கிய துணி, கூட இருந்தவர்களுக்கு இட்லி. ஆஸ்பத்திரிக் கட்டணம் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.

கொத்தனார் வேலைக்குப் போகாத நாட்களை அவர் எழுதவில்லை. "அது செலவா ஆச்சி? அது வராத காசுதானே" என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. நான்தான் கேட்டுக் கேட்டு எழுதினேன், மாமியார் விட்ட சித்தாள் கூலியையும் சேர்த்து.

தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. 1987-ல் தொடங்கிய திட்டம், நாட்டுக்கே முன்மாதிரி என்று எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் பணம் தவணை தவணையாகத்தான் வரும். வலி கண்ட ராத்திரிக்குத் தோட்டைத்தான் அடகு வைத்திருக்கிறார்கள். "பணம் வரும் ஆச்சி, வட்டி அதுக்கு முந்தி வந்துருது."

ஜூன் 12

தூக்கம் வரவில்லை. 2023-ல் உலகெங்கும் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் இறந்த பெண்கள் சுமார் 2,60,000 பேர், அதில் ஏறக்குறைய 70 சதவீதம் சஹாராவுக்குத் தெற்கே என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1994-ல் ஆய்வாளர்கள் தடியஸும் மெய்னும் இந்தச் சாவுகளுக்குப் பின்னால் இருக்கும் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: போவதா என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். அந்த முதல் தாமதத்துக்குள் இந்தக் காலண்டர் தாள் அப்படியே இருக்கிறது. விடியட்டும், யாரிடமாவது கேட்கலாம் என்று உட்கார்ந்திருக்கும் நேரம் அது. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு கடுமையானால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம்.

கட்டண ரத்து அவசியம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் உதவிப் பணத்தில் ஒரு பங்காவது எட்டாம் மாதத்திலேயே கர்ப்பிணியின் கையில் இருக்க வேண்டும்.

ஜூன் 15

புதிய ஆய்வுக்கான கேள்வித்தாளில் இரண்டு கேள்விகள் சேர்த்தேன். வலி வந்தபோது வீட்டில் எவ்வளவு பணம் இருந்தது? மீதியை யாரிடம், என்ன வட்டிக்கு வாங்கினீர்கள்? சியரா லியோன் தலைநகர் ஃப்ரீடவுனில் இருக்கும் நண்பர்களுக்கு அனுப்பினேன். சாயங்காலமே பதில் வந்துவிட்டது: ஒகாடா, அதாவது வாடகை மோட்டார் சைக்கிளுக்குத் தனிக் கேள்வி வேண்டுமாம், ராத்திரி ரேட்டும் பகல் ரேட்டும் வேறாம். சரி, அதையும் சேர்த்தாயிற்று.