அவர்களா, நீயா?

"அவர்கள் சொன்னார்களா, நீயாகச் சொல்கிறாயா?"

போனில் எங்கள் ட்ரம்ஸ்காரர் கேட்டது இவ்வளவுதான். "அவர்கள்தான்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். இரண்டு வருடம் ஆகிறது.

நாங்கள் ஜாஸ் வாசித்த உணவகத்தின் மேனேஜர் சொன்னது இது: நாலு பேருக்குப் பணம் கொடுக்க இனி முடியாது, அடுத்த வாரத்திலிருந்து மூன்று பேராக வாருங்கள். ட்ரம்ஸ் என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. யாரை நிறுத்துவது என்று முடிவு செய்தவள் நான்.

காரணங்கள் இருந்தன. பியானோ இல்லாமல் என்னால் பாட முடியாது, பேஸ் இல்லாவிட்டால் சுருதி ஆடும். ஜாஸ் பாடகர் நாட் கிங் கோல் 1937-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமைத்த மூவர் குழுவில் பியானோ, கிட்டார், பேஸ் மட்டும்தான். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1973-ல் ஜோ பாஸின் கிட்டாரை மட்டும் துணைக்கு வைத்து ஒரு முழு ஆல்பத்தையே பதிவு செய்திருக்கிறார். வில்லேஜ் வான்கார்டு போன்ற ஜாஸ் கிளப்புக்குப் போகிறவர்கள் கேட்கப் போகிறார்கள். எங்கள் உணவகத்துக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டே சாப்பிட வருகிறார்கள். ட்ரம்ஸ் அவர்களுக்கு இடைஞ்சல்தான்.

ஆனால் எங்கள் ட்ரம்ஸ்காரர் அங்கே குச்சிக்குப் பதிலாக மெதுவாக வாசிக்கிற கம்பிப் பிரஷ் தவிர வேறு எதையும் எடுத்ததில்லை. தட்டுக் கழுவுகிற சத்தம் அதைவிடப் பெரிது.

சென்னையில் பத்து வருடம் தொடையில் ஆதி தாளம் போட்ட கை என்னுடையது. நியூயார்க் வந்த புதிதில், ஸ்விங் ஜாஸ் பாட்டுக்கும் நாலு அடியில் ஒன்றிலும் மூன்றிலும் தட்டிக்கொண்டு நிற்பேன். யார் வேண்டுமானாலும் ஏறி வாசிக்கிற ஒரு ஜாம் செஷனில் அதைப் பார்த்துவிட்டு, "ஹை-ஹாட்டைக் கேள், இரண்டு, நாலு" என்று, ட்ரம்ஸில் காலால் மிதிக்கிற அந்த ஜோடித் தட்டைக் காட்டிப் பொறுமையாகத் திருத்தியவர் அவர். எண்ணித் தொடங்குவதற்கு முன் பாட்டின் நடுப்பகுதியில் ஒரு வரியை மனதுக்குள் பாடி வேகத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவரும் அவர்தான். ஜாஸ் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற சுருதி பெரும்பாலும் வாத்தியங்களுக்குத் தோதானது, உன் குரலுக்கு மாற்றி எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொள் என்றார். அந்தத் தாள்களை வைத்துத்தான் எனக்கு உணவகத்தில் அந்த வியாழக்கிழமை வேலையே கிடைத்தது.

மூன்று பேர் பணத்தை நாலாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று மற்ற இருவரிடமும் கேட்டிருக்கலாம். பியானோக்காரர் ஒப்பமாட்டார் என்று அன்று நினைத்தேன். அப்படி இறங்கிப்போனால் எல்லோருடைய கூலியும் இறங்கும் என்பதும் சரியான வாதம்தான். ஆனாலும் நான் கேட்கவில்லை. நிறுத்தியது கூடத் தப்பில்லை என்று சில நாள் தோன்றுகிறது. அந்த "அவர்கள்தான்" மட்டும் தொண்டையில் நிற்கிறது.

போன மாதம் ஒரு ஜாம் செஷனில் என் முறை வந்தபோது ட்ரம்ஸில் அவர் உட்கார்ந்திருந்தார். நடுப்பகுதியில் ஒரு வரியை மனதுக்குள் பாடிப் பார்த்து எண்ணினேன். பிரஷ்ஷை எடுத்தார். பாட்டு முழுக்க, நான் மூச்சு எடுக்கிற இடங்களை எல்லாம் தெரிந்து வைத்திருப்பவர் போல வாசித்தார். முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அதற்குள் அடுத்த பாடகியின் பெயரைக் கூப்பிட்டார்கள். தாளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.