சோபாவுக்குப் பின்னால் உள்ள இடம்

ஜூன் 3, 2024, திங்கள்

எலும்பு கூடும்வரை அம்மா காலை ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலைப் பட்டாசாலைக்கு இழுத்துப் போட்டு, தொலைக்காட்சியைக் கால்மாட்டில் வைத்துக் கொடுத்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் தொடர்கள் வரிசை கட்டி வருகின்றன. கதையை அம்மா கவனித்துக்கொள்கிறாள். என் கண் ஆட்களைத் தாண்டி வீட்டுக்குள் போய்விடுகிறது. விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களுக்குச் சீன், அதாவது மேடைப் பின்திரை, வரைந்தவரின் மகள் நான். நடிகருக்குப் பின்னால் தொங்குவதைத்தான் முதலில் பார்த்துப் பழகியிருக்கிறேன்.

இன்று கண்ணில் பட்டது சோபா. பணக்கார வீட்டில் அது சுவரை ஒட்டிக் கிடப்பதில்லை, கூடத்தின் நடுவில் கிடக்கிறது. நம் வீடுகளில் நாற்காலியும் பீரோவும் சுவரோடு ஒண்டித்தான் நிற்கும், நடக்க வழி வேண்டுமே. சோபாவுக்குப் பின்னால் நான்கு பேர் நடந்து போகலாம் என்றால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு இருக்கும் என்று வசனம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 4, செவ்வாய்

அந்த இடம் கேமராவுக்கும் வேண்டியிருக்கிறது. ஒரு சொல் விழுந்ததும் மாமியார், நாத்தனார், கொழுந்தன், வேலைக்காரி என்று ஒவ்வொரு முகமாகக் காட்ட வேண்டும். அத்தனை பேரும் ஒரே கூடத்தில் நின்றாக வேண்டும். அத்தோடு விளக்குகள். சிறிய வீட்டில் இது நடக்காது. சென்னையில் படப்பிடிப்புக்கென்றே பங்களாக்களை வாடகைக்கு விடுவது இதனால்தான். சில சமயம் ஒரே மாடிப்படி இரண்டு தொடர்களில் இரண்டு குடும்பங்களுக்குச் சொந்தமாக இருக்கிறது. இன்று அம்மாவே கண்டுபிடித்துவிட்டாள்: "இது அந்த மில்காரர் வீடு இல்லையா? திரைச்சீலையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்."

ஜூன் 6, வியாழன்

மாடிப்படியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மேலே நிற்பவருக்கு அதிகாரம், கீழே பையோடு நிற்கும் மருமகளுக்கு அது இல்லை. இறங்கி வர எடுத்துக்கொள்ளும் நேரமே மிரட்டல். அப்பா வரைந்த தர்பார் சீனிலும் சிம்மாசனத்துக்கு ஏழு படி உண்டு. துணியில் வரைந்த படியில் யாரும் ஏற முடியாது. ராஜபார்ட் அதன் முன்னால் தரையில் நின்றுதான் விடிய விடியப் பாடுவார். ஆனாலும் சனங்களுக்கு அவர் மேலேதான் இருந்தார்.

அமெரிக்காவில் இந்த வகைத் தொடர்கள் 1930களில் வானொலியில் தொடங்கின. சோப்பு விற்ற கம்பெனிகள் காசு கொடுத்ததால் 'சோப் ஓப்பரா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தொலைக்காட்சிக்கு வந்த பிறகு ஸ்டூடியோவுக்குள் மூன்று சுவர் மட்டும் எழுப்பி, திறந்த நான்காவது பக்கத்திலிருந்து பல கேமராக்களால் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். 1987இல் தொடங்கிய 'தி போல்டு அண்ட் தி பியூட்டிஃபுல்' தொடரில் மாளிகைக் கூடத்தின் கணப்படுப்புக்கு மேல் வீட்டுத் தலைவியின் பெரிய ஓவியம் மாட்டியிருக்கும். ஓவியம் மாறினால் அதிகாரம் கைமாறிவிட்டது என்று பொருள். நம் தொடர்களில் அந்த வேலையைச் செய்வது சந்தன மாலை போட்ட பெரியவரின் படம். உயில் பேச்சு வரும்போதெல்லாம் கேமரா ஒரு தடவை அதைத் தொட்டுவிட்டு வருகிறது.

ஜூன் 8, சனி

மருந்து வாங்கப் போனவள் மகாலுக்குள் நுழைந்துவிட்டேன். 1636இல் திருமலை நாயக்கர் கட்டியது. கல் என்று எண்ணத் தோன்றும் அந்தத் தூண்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஆனாலும் அதன் அடியில் நின்றால் நான் எறும்பாகிவிடுகிறேன். பெருமையைப் பூச்சிலும் உயரத்திலும் எழுப்பலாம் என்பதை எங்கள் ஊர்க் கொத்தனார்கள் எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். அப்பா என்னை இங்கே கூட்டி வந்து, தூண் தள்ளித் தள்ளிப் போகப் போக எப்படிச் சிறுக்கிறது என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொல்வார். தர்பார் சீனின் தூண்கள் இங்கே எடுத்தவைதான். ஆகையால் தொடரில் வரும் தங்கப்பூச்சுத் தூணைப் பொய் என்று என்னால் தள்ள முடியவில்லை. என் குறை வேறு.

ஜூன் 9, ஞாயிறு

தங்கை வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். நான் காரைக்குடி போய்வந்தேன். பர்மா தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடித் தரை. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணத்தை ஊற்றி, அதன் மீது மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கல் அது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. நான் பார்த்த வீட்டில் முற்றத்துத் தூண்கள் ஆள் தோள் உயரத்துக்கு மட்டும் கறுத்து மினுங்கின. நான்கு தலைமுறை சாய்ந்த முதுகுகள். நிலைப்படி நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது. பழம்பொருள் கடைகளில் இதே போன்ற தூண்களும் கதவுகளும் பெயர்த்தெடுக்கப்பட்டு விலைக்கு நிற்கின்றன. நெடுநேரம் அங்கே நிற்க என்னால் முடியவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

என் குறையை இன்று அம்மாதான் எனக்கு எடுத்துக் கொடுத்தாள். "இத்தனை கோடி வைத்திருக்கிறவர்கள் அடுப்படியில் கரி பிடித்த வடசட்டி ஒன்றாவது இருக்கிறதா பார், ஆத்தா."

ஏழை வீட்டைச் சாமான் சாமானாகச் சேர்க்கிறார்கள்: கொடியில் துணி, மஞ்சள் பை, சாமி படக் காலண்டர், பிளாஸ்டிக் குடம், பாதி உரிந்த நீலச் சுவர். பார்த்தால் ஆள் வாழ்கிற வீடு. பணக்கார வீட்டிலோ பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிகின்றன, கண்ணாடி மேஜையில் காகிதப் பூ, மினுங்கும் திரை. செருப்பு கிடையாது, மருந்து டப்பா கிடையாது, உறை கசங்கிய தலையணை கிடையாது. கையே படாததைத்தான் செல்வம் என்று காட்டுகிறார்கள். காரைக்குடியில் நான் பார்த்தது அதற்கு நேர் எதிர். அந்தத் தோள் உயரக் கறுப்பை ஒரு செட்டில் பூச ஒரு பெயிண்டருக்கு ஒரு மணி நேரம் போதும். யாராவது பூச மாட்டார்களா என்று ஏங்குகிறேன்.

ஜூன் 14, வெள்ளி

பரணிலிருந்து தர்பார் சீனை இறக்கிக் கட்டிலருகே விரித்தேன். பாதிதான் விரிந்தது, பட்டாசாலை அவ்வளவுதான். ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது, சிவப்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது. சிம்மாசனத்தின் கடைசிப் படியில் சிறியதாக ஒரு பித்தளைச் செம்பு. இத்தனை வருடம் நான் கவனிக்கவே இல்லை.

"அரிச்சந்திரன் வேஷம் கட்டினவர் அதை அழிக்கச் சொல்லிச் சண்டை போட்டார்," என்றாள் அம்மா. "தர்பாரில் செம்பு எதற்கு என்றார். உங்கள் அப்பா அழிக்கவில்லை. அது இந்த வீட்டுச் செம்புதான். வாய் விளிம்பில் நசுங்கியிருக்கும், பார்."

குனிந்து பார்த்தேன். நசுங்கித்தான் இருந்தது. தொடர் ஆரம்பிக்கும் நேரமாகியும் அம்மா ரிமோட்டைக் கேட்கவில்லை. வேப்பிலையும் கற்பூரமும் வாங்கி வர வேண்டும், பூச்சி அந்தப் படிவரை வருவதற்குள்.