சிகரெட்டுக்குப் பதிலாக ஒரு பத்து ரூபாய் காசு

ரெகுலர் பில்டர் சிகரெட் ஒன்றின் நீளம் 69 மில்லிமீட்டர். இது எனக்குத் தெரிந்திருந்ததற்குக் காரணம் அந்துப்பூச்சிகள். ஃபேக்டரிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்குப் பக்கத்தில் ஒரு சிகரெட்டைப் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுப்பேன். அதை அந்துப்பூச்சி பார்ப்பவர்களாகச் சேர்ந்து வைத்திருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பூச்சி எவ்வளவு பெரிது என்று பார்ப்பவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். பெயர் கண்டுபிடிக்க அளவு முக்கியம்.

குழுவில் பொள்ளாச்சி டீச்சர் ஒருவர் உண்டு. விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் என் படத்துக்குக் கீழே எழுதினார்: "தம்பி, பூச்சி ரொம்ப அருமை. அளவுக்கு ஒரு பத்து ரூபாய் காசு வெச்சா ஆகாதா? அது 27 மில்லி." அவ்வளவுதான். புற்றுநோய், நுரையீரல், குழந்தை குட்டி என்று ஒரு வார்த்தை இல்லை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் சொல்லிச் சொல்லி ஓய்ந்த விஷயம், இந்த 27 மில்லியில் போய்ச் சுருக்கென்று தைத்தது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் உதவி டீமேக்கராக இருக்கிறேன். சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி ஓட்டும் ஃபேக்டரி. இலை சாயங்காலம் வந்து சேரும். வாட்டம் போட்டு, ராத்திரியில் மெஷின் ஓடும். டீத்தூள் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் உள்ளே புகை என்ற பேச்சுக்கே இடமில்லை. தம் அடிக்க வேண்டுமானால் இலை இறக்கும் முற்றத்துக்குத்தான் வர வேண்டும். அங்கே ஒரு பழைய மெர்க்குரி விளக்கு எரியும். (முதலாளி அதை எல்.ஈ.டி.யாக மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மெர்க்குரிக்கு வருகிற கூட்டம் எல்.ஈ.டி.க்கு வராது.) அந்த விளக்கடியில் நின்று ஊதும்போதுதான் சுவரைப் பார்க்க ஆரம்பித்தேன். அரளி பருந்து அந்துப்பூச்சியை முதலில் பார்த்ததும் அங்கேதான். பச்சையில் வெள்ளையும் ரோஸும் கலந்து ஓடும் இறக்கை. யாரோ பெயின்ட் அடித்து ஒட்டிவைத்தது என்றுதான் நினைத்தேன்.

ஆக, பூச்சி பார்க்கும் பழக்கத்தைக் கொடுத்ததே சிகரெட்தான். அதனால்தான் விடுவது பெரிய குழப்பமாக இருந்தது. தம்மை விட்டால் முற்றத்துக்கு வருவதற்குச் சாக்கு ஏது?

குழுவில் இதைச் சொன்னேன். பிறகு யார் யாரோ பேசினார்கள். தூத்துக்குடிக்காரர் ஒருவர் கப்பலில் இருக்கிறார், ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு வரை அவருக்கு வாட்ச். திண்டுக்கல் நர்ஸ் அக்காவுக்கு அடிக்கடி நைட் டூட்டி. இரண்டு மணிக்குப் படம் போட்டாலும் யாராவது ஒருவர் முழித்திருப்பார். அவர்கள் சொன்ன யோசனை எளிமையானது: முற்றத்துக்குப் போவதை நிறுத்தாதே, போகும் நேரத்தையும் மாற்றாதே, பாக்கெட்டை மட்டும் எடுத்துப் போகாதே. ஆசை வந்தால் ஒரு பூச்சியை எடுத்துப் போடு, நாங்கள் பதில் சொல்கிறோம்.

எப்போது தொடங்குவது என்பதிலும் டீச்சர் கறாராக இருந்தார். நான் தை மாதம் என்றேன். அவர் விடவில்லை. தையில் கோத்தகிரிக் குளிரில் சுவர் காலியாக இருக்கும், எதைப் பார்த்துக்கொண்டு நிற்பாய் என்றார். ஏப்ரலில் கோடை மழை விழுந்த பிறகு, அதுவும் அமாவாசையை ஒட்டி ஆரம்பி என்றார். நல்ல நிலா வெளிச்சத்தில் விளக்குக்குப் பூச்சி குறைவாகத்தான் வரும். இப்படிப் பஞ்சாங்கம் பார்த்து சிகரெட்டை விட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த நாட்களில் ஒரு பருந்து அந்துப்பூச்சி எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்ல வேண்டும். குளிர் ராத்திரியில் அதனால் நினைத்தவுடன் பறக்க முடியாது. பறக்கும் தசைகள் சூடேற வேண்டும். அதற்காக உட்கார்ந்த இடத்திலேயே இறக்கையை அதிரவிடும். முதலில் நுனி மட்டும் துடிப்பது தெரியும். பிறகு அதிர்வு வேகமெடுத்து இறக்கையின் ஓரம் மங்கலாகிவிடும். காதைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய ரீங்காரம் கேட்கும். சில நிமிடம் இப்படியே போகும், சட்டென்று கிளம்பிவிடும். சிகரெட் ஆசையும் சில நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும், தாக்குப்பிடித்தால் இறங்கிவிடும் என்று நர்ஸ் அக்கா சொல்லியிருந்தார். பூச்சி கிளம்பும்வரை அசையாமல் நின்றேன். அது போனது, இதுவும் போயிருந்தது. மறுபடி வந்தது, அது வேறு விஷயம்.

ஒரு ராத்திரி டீச்சர் நிகோடினைப் பற்றி எழுதினார். பூச்சி தன்னைத் தின்னாமல் இருக்கப் புகையிலைச் செடி தயாரித்துக்கொள்ளும் விஷம் அது. எனக்கு உறைத்தது இதுதான். எங்கள் வீட்டுக்கு அரை ஏக்கர் தேயிலை உண்டு. தேயிலைக் கொசு என்று நாங்கள் சொல்லும், கொழுந்தில் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அடிக்கும் தயாமீதாக்சாம் என்ற மருந்து, நரம்பில் நிகோடின் போய் ஒட்டும் அதே இடத்தில் ஒட்டும் வகை. நிகோடின் சல்பேட்டே ஒரு காலத்தில் பூச்சிமருந்தாக விற்றது. மருந்தடிக்க வருகிறவர்களிடம் மூக்கைக் கட்டு, கையை கழுவு என்று நான்தான் தொண்டை கிழியக் கத்துவேன். கப்பல்காரர் சும்மா இருப்பாரா? அமெரிக்காவில் புகையிலையையே தின்று வளரும் ஒரு பருந்து அந்துப்பூச்சிப் புழு இருக்கிறது, அது நிகோடினை உடம்பில் தங்கவிடாமல் வெளியே தள்ளிவிடும் என்றார். "அந்தப் புழுவுக்கு இருக்கற சாமர்த்தியம் உனக்கில்லையேடா."

நிலா அந்துப்பூச்சி வந்த அன்றும் இதே கூத்துதான். வெளிர்பச்சை இறக்கையும் நீள வாலுமாக, இலை மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. வளர்ந்த நிலா அந்துப்பூச்சிக்குச் சாப்பிட வாயே கிடையாது. ஏறக்குறைய ஒரு வாரம் உயிரோடிருக்கும், அதுவரை புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஓட்டும். படத்தைப் போட்டதும் கூடலூர்ப் பள்ளிக்கூடப் பையன் கேட்டான்: "அண்ணா, இதுக்குத் தம் அடிக்க ஆசை வந்தா என்ன பண்ணும்?"

நிகோடின் சூயிங்கத்தைப் பற்றிக் கொஞ்சம். 2 மில்லிகிராம் வாங்கி, சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளினேன். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். கடித்துக் காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும், காரம் அடங்கியதும் மறுபடி கடிக்க வேண்டும் என்று நர்ஸ் அக்கா வாய்ஸ் மெசேஜில் வகுப்பே எடுத்தார். அதற்குக் கால் மணி முன்னால் டீ, காபி கூடாது என்பதும் விதி. டீ ருசி பார்ப்பதே வேலையாக இருப்பவனிடம் இதைச் சொன்னால் என்ன செய்வான்? சமாளித்தேன். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற எண்ணும் நினைவில் இருக்கட்டும். கட்டணமில்லா எண், நிறுத்த விரும்புகிறவர்களுக்காகவே வைத்திருப்பது.

டீ இன்னொரு வம்பையும் இழுத்துவந்தது. விட்ட புதிதில் தூக்கம் போனது, நெஞ்சு படபடத்தது. நிகோடின் இல்லாத கோளாறு என்று நினைத்தேன். அதில் டீக்கும் பங்கு உண்டாம். புகை உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை கல்லீரல் காஃபீனை வேகமாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறையும், அதே அளவு டீ குடித்தாலும் ரத்தத்தில் காஃபீன் கூடிப்போகும். குடிப்பதைப் பாதியாகக் குறைத்தேன், தூக்கம் திரும்பியது. டாக்டரிடம் போனவர்கள்கூட இதைக் கேட்டு வந்ததாகச் சொல்லவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்புறம் மூக்கு. அரைத்த இலை பச்சை வாடை போய்ப் பழ வாசனைக்கு மாறும் இடத்தில் பதம் பிடித்து டிரையருக்கு அனுப்ப வேண்டும். நான் நிறத்தைப் பார்த்தே, செம்பு நிறம் வந்ததா என்று கணித்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒருநாள் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்தபோது பழ வாசனை முகத்தில் அடித்தது. பெரிய டீமேக்கர் பல வருஷமாக "வந்துருச்சுய்யா, அனுப்பு" என்று தூரத்திலிருந்தே கத்துவது எப்படி என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எடை ஏறிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கு வேலை வேண்டுமே, ராத்திரி வர்க்கியாகத் தின்று தீர்த்தேன். இலை குவிந்து மெஷினும் நின்றுபோகும் ராத்திரிகளில் இப்போதும் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும். உள்ளே அந்தக் காசு இருக்கும்.

ஜூலை கடைசி வாரம் அந்துப்பூச்சி வாரம், 2012இலிருந்து பல நாடுகளில் நடக்கிறது. கூடலூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும் அந்தச் சமயத்தில் கோத்தகிரியில் பெரும்பாலும் தூறல்தான், பூச்சிக்குத் தோதான ராத்திரி. வீட்டு மொட்டைமாடியில் பூச்சி வந்து உட்கார வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி விளக்குப் போடப்போகிறேன். கப்பல்காரரும் லீவில் வருகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் வரலாம், ஸ்வெட்டர் அவசியம். தம் அடிப்பவர்களும் வரலாம், ஆனால் வேட்டிக்குக் காற்று வரும் பக்கம் நிற்கக் கூடாது. டீச்சர் வந்திருப்பார், காசு கேட்பார்.