கொல்லைப்புறப் பூச்சிக் குறிப்புகள், வேலூர்

ஆகஸ்ட் 9, 2025

கறிவேப்பிலைக் கொழுந்தில் வெளிர்மஞ்சள் முட்டைகள், இலைக்கு ஒன்றாகத் தனித்தனியே ஒட்டியிருக்கின்றன. கடுகைவிடச் சிறியவை. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளும் இந்த மரத்தில் முட்டையிடும். யாருடையது என்பது புழு பெரிதான பிறகே தெளிவாகும். மூன்று நான்கு நாளில் பொரிந்துவிடும். சின்னப் புழு பறவை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாகத் தெரியும். கடைசியாகத் தோல் உரித்த பிறகுதான் பச்சை நிறம் வரும். தலைக்குப் பின்னால் தொட்டால் கவட்டை வடிவில் சிவந்த உறுப்பை நீட்டும், காட்டமான வாடை அடிக்கும். ஒரு தடவை பார்த்தால் போதும், அதற்குமேல் சீண்ட வேண்டாம்.

வளர்த்துப் பார்க்கிறவர்கள் கொப்பைத் தண்ணீர் பாட்டிலில் செருகிவிட்டு, பாட்டில் வாயைப் பஞ்சு வைத்து அடைக்க வேண்டும். இல்லையென்றால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிவிடும். கடைக் கறிவேப்பிலை போடவே கூடாது. மருந்து அடித்த இலையாக இருந்தால், கழுவிப் போட்டாலும் புழு சாகும்.

ஆகஸ்ட் 14

நேற்று சாயங்காலம் இடியோடு மழை. மண் இளகியிருக்கிறது, தரையில் திரியும் வண்டும் சிலந்தியும் விழுந்தால் பார்க்க டம்ளர் புதைக்கத் தோதான நாள்.

பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் சூடான ஊசியால் நாலைந்து ஓட்டை போட வேண்டும், மழைத்தண்ணீர் வடிய. விளிம்பு மண்மட்டத்துக்கு ஒரு நூல் கீழே இருக்கட்டும். ஒரு நூல் மேலே நின்றாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே நாலு சருகு போட வேண்டும். ஒளிய இடம் இல்லாவிட்டால் விழுந்த சிலந்தி மற்றதையெல்லாம் தின்றுவிடும். மேலே கூழாங்கல் முட்டுக் கொடுத்து ஓட்டுச்சில்லு ஒன்றை மூடியாக வைத்தால் போதும். எறும்புச் சாரை போகும் இடத்தில் புதைத்தால் காலையில் வெறும் இறக்கையும் காலும்தான் மிஞ்சும்.

முக்கியமானது எடுக்கும் நேரம். வேலூர் வெயிலில் எட்டு மணிக்கே டம்ளர் சூடாகிவிடும். வெயில் ஏறுமுன் எடுத்து, பார்த்து, நிழலில் விட்டுவிட வேண்டும். அன்றைக்கு எழ முடியாது என்றால் முந்தின இரவே டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிடுவது நல்லது. பார்க்க ஆளில்லாமல் ஒரு பூச்சியும் சாகக் கூடாது.

ஆகஸ்ட் 22

அமாவாசை இருட்டு. அந்துப்பூச்சி பார்க்கக் கொடியில் வெள்ளை வேட்டி, அதன்முன் யூவி (புற ஊதா) டியூப். சாதாரண எல்இடி பல்பில் புற ஊதா ஒளி அநேகமாகக் கிடையாது, அதனால் அந்துப்பூச்சி குறைவாகத்தான் வரும். நிலா வெளிச்சம் இருந்தாலும் அப்படியே. டியூபை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. பத்து மணிக்கு அணைத்து வேட்டியை உதறிவிடுங்கள். விடிய விடிய எரிந்தால் இரவில் பல்லிக்கும் காலையில் கரிச்சானுக்கும் விருந்து.

ஆகஸ்ட் 29

புழுக்கள் கூட்டுப்புழு ஆகிவிட்டன. இலை நடுவே இருப்பது பச்சை, காய்ந்த குச்சியில் இருப்பது பழுப்பு.

செப்டம்பர் 1

ஓநாய்ச் சிலந்தி பார்க்க வலை தேட வேண்டாம், டார்ச் போதும். இடுப்பளவில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. நெற்றிப்பொட்டை ஒட்டிப் பிடித்துத் தரையைப் பார்க்க வேண்டும். அதன் கண்ணுக்குள் இருக்கும் பளபளப்பான படலம், ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. ஒளி கிளம்புகிற இடத்தில் நம் கண்ணும் இருந்தால்தான் அது நமக்கு எட்டும். பனித்துளியும் மின்னும். டார்ச்சை மட்டும் ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்: துளி மின்னிக்கொண்டே இருக்கும், சிலந்திக் கண் அணைந்துவிடும்.

துளசிமாடத்தின் அடியில் ஒரு தாய். முட்டைப்பையை வயிற்று நுனியில் ஒட்டி இழுத்துக்கொண்டு திரிந்தது போய், இப்போது குஞ்சுகள் முதுகில் ஏறிவிட்டன. முதுகு முழுக்கப் பொடிப்பொடியாக மினுக்குகிறது. ஊதிப் பார்க்க வேண்டாம், சிதறிவிடும். இன்னும் சில நாளில் தாமாகவே இறங்கிப் பிரிந்து போகும். அதுவரை அந்த மூலையில் துடைப்பம் போடாமல் இருந்தால் சரி.