டிக்கியில் ஏறிய வாட்டர் பெட்

டிக்கியைத் திறந்ததும் அந்த நர்ஸ் அக்கா கையை விரித்து நீளம் அளந்தார்.

"ஆக்சிஜன் சிலிண்டரும் வாட்டர் பெட்டும் சேந்தே வச்சிரலாம் மக்களே."

இன்று காலை தக்கலையில் எங்கள் மின்சார காரைக் கொடுத்துவிட்டோம். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற சின்ன அறக்கட்டளைக்கு. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு இத்தனை நாளும் ஆட்டோவில்தான் போயிருக்கிறார்கள்.

ஐந்து வருடம் ஓடிய வண்டி. புதிதில் போன தூரம் இப்போது போகாது, ஆனால் அவர்களுக்கு ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டர் போதும், அதற்கு இந்த பேட்டரி தாராளம். எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஒன்றும் அங்கே போட்டுக் கொடுத்தோம், சார்ஜ் போட வழியில்லாத காரைக் கொடுத்தால் அது அவர்களுக்குச் சுமைதானே.

வண்டியைப் பெயர் மாற்றும் படிவம் 29, 30 கையெழுத்தாயிற்று. பொருளாகக் கொடுத்தால் நன்கொடைக்கான 80ஜி வரிச்சலுகை கிடையாது, விற்றுப் பணமாகக் கொடு என்றார்கள் சிலர். சரி, ஆனால் அக்காவுக்கு வேண்டியது வண்டி.

கிளம்பும்போது கண்ணாடியை இறக்கிச் சொன்னார், "சத்தமே இல்லியே! வலியில கெடந்து இப்பதான் கண்ணசந்தவங்கள எழுப்பாது."

இத்தனை வருடம் ஓட்டியும் எனக்கு அது தோன்றியதே இல்லை.

நம்ம குமரி மாவட்டத்தில் ஆள் வெளிநாட்டில் இருக்க, உறை மூடி நிற்கும் கார்கள் எத்தனை! உங்கள் வீட்டில் ஒன்று நின்றால், பக்கத்தில் இப்படி நோயாளிகளைத் தேடிப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.